செவ்வாயில் இறங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளில்லாத ஒரு கலம் வேறொரு கோளுக்குப் போய்த் தரையில் நிற்கிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் செவ்வாயைப் பற்றித்தான் பேசுவேன். வெள்ளியும் கொஞ்சம் வரும், அதை விட்டுவிட மனமில்லை. நிலவு கோள் அல்ல, ஆனாலும் ஓரிரு இடங்களில் அது இல்லாமல் கதை நகராது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் குறைப்பதுதான் பெரிய சவால் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். "தரை எங்கே இருக்கிறது, வந்துவிட்டதா, இல்லையா?" என்பதை ஒரு இயந்திரம் தானாகத் தெரிந்துகொள்வதுதான் மீதிப் பாதி. நொறுங்கிப்போன கலங்களின் கதைகளைப் படித்தால் இந்த இரண்டாவது பாதியில் தவறியவையே அதிகம் கண்ணில் படும்.

இதுவரை எந்தெந்தக் கோள்களில் கலங்கள் இறங்கி வேலை செய்திருக்கின்றன?

வெள்ளி, செவ்வாய். இரண்டே இரண்டு. புதனில் யாரும் இறங்கியதில்லை. அதைச் சுற்றிவந்த மெசெஞ்சர் என்ற கலம் எரிபொருள் தீர்ந்து 2015 ஏப்ரல் 30 அன்று அதன் மேல் மோதியது, அவ்வளவுதான். வியாழனில் இறங்கத் தரையே கிடையாது. 1995 டிசம்பரில் கலிலியோ கலம் அனுப்பிய சிறு துணைக்கலம் அதன் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தகவல் அனுப்பிவிட்டு அழுத்தத்திலும் வெப்பத்திலும் மறைந்தது. சனியின் நிலவான டைட்டனில் 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கியது. அது நிலவு என்பதால் இந்தக் கணக்கில் சேராது.

பூமியிலிருந்து யாராவது ஓட்டுகிறார்களா?

இல்லை. ஓட்ட முடியாது. செவ்வாய்க்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து ரேடியோ சமிக்ஞை ஒரு வழியாகப் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர், அதாவது சக்கரங்களில் ஓடும் ஆய்வு வண்டி, 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கியபோது (நமக்கு 19-ஆம் தேதி அதிகாலை 2.25) இந்தத் தாமதம் 11 நிமிடத்துக்கு மேல். காற்று மண்டலத்தைத் தொட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை ஆகும் நேரமோ ஏறத்தாழ ஏழு நிமிடம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். "கலம் காற்று மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டது" என்ற தகவல் பூமிக்கு வந்து சேரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். ஒன்று கலம் முழுசாக நின்றுகொண்டிருக்கும், இல்லையென்றால் சில நிமிடங்களுக்கு முன்பே நொறுங்கியிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்டுப்படுத்துவது எதையும் இல்லை. முடிந்துபோன போட்டியின் வர்ணனையைக் கேட்பவர்கள் அவர்கள். கட்டளைகள் அனைத்தும் மாதக்கணக்கில் முன்பே எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, கலத்தின் கணினியில் ஏற்றப்பட்டவை.

நிலவில் இறங்குகிறோம், பூமிக்குத் திரும்புகிறோம். செவ்வாய் மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

காற்றுதான் காரணம். இருக்கிறது, ஆனால் போதவில்லை.

நிலவில் காற்றே இல்லை. ஆகவே வெப்பக் கவசமும் வேண்டாம், பாராசூட்டும் வேண்டாம், ராக்கெட் எஞ்சினை எதிர்த்திசையில் எரித்தே இறங்கலாம். பூமியில் காற்று தாராளமாக இருக்கிறது. கவசமும் பாராசூட்டும் இருந்தால் கடலில் மெதுவாக விழலாம். செவ்வாயின் தரைமட்டத்தில் காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.6 சதவீதம். மணிக்கு 20,000 கி.மீ. வேகத்தில் வரும் பொருளைச் சுட்டெரிக்க அது போதும். அதே பொருளைக் கடைசியில் மெல்ல இறக்கிவைக்கப் போதாது. பாராசூட்டை மட்டும் நம்பினால், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரு டன் எடையுள்ள கலம் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வேகத்தோடுதான் தரைக்கு வரும். ஜப்பானின் புல்லட் ரயில் பாறையில் மோதுவது மாதிரி.

"அப்போ முழுக்க ராக்கெட்டையே பயன்படுத்தலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு வேண்டிய எரிபொருளை இங்கிருந்தே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த எடைக்கு இன்னும் பெரிய ராக்கெட் வேண்டும். ஓசியில் கிடைக்கும் காற்றை விட்டுவிட்டு எரிபொருளைச் சுமப்பதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் கவசம், பாராசூட், ராக்கெட் மூன்றையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும் ஒவ்வொரு கணமும் தவறு நடக்கக்கூடிய இடம்.

அந்த ஏழு நிமிடத்தில் என்னதான் நடக்கிறது?

பெர்சிவரன்ஸையே எடுத்துக்கொள்வோம். 1,025 கிலோ, ஒரு சிறிய கார் அளவு. செவ்வாயில் இதுவரை இறக்கப்பட்ட ரோவர்களிலேயே கனமானது இதுதான்.

நுழைவதற்குப் பத்து நிமிடம் முன்னால், ஆறரை மாதப் பயணத்தில் துணைவந்த பகுதி கழன்றுவிடும். மிச்சமிருப்பது ஒரு மூடிய சிப்பி. அதன் அடிப்பக்கம் வெப்பக் கவசம். காற்றோடு உரசி அதன் வெளிப்புறம் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். சிப்பி சும்மா கல் போல விழுவதில்லை. சிறு எஞ்சின்களால் சாய்ந்து சாய்ந்து, பறப்பது போல வழியைத் திருத்திக்கொண்டே இறங்கும். நான்கு நிமிடம் போனதும் வேகம் மணிக்கு சுமார் 1,500 கி.மீ. ஆகிவிடும். ஆரம்ப வேகத்தோடு வந்த ஆற்றலில் 99 சதவீதத்துக்கு மேல் இதற்குள் வெப்பமாகத் தீர்ந்துவிட்டது. பேச்சில் பாராசூட்டுக்கும் எஞ்சினுக்கும்தான் புகழ். உண்மையில் பெரும்பாடு பட்டது அந்தக் கவசம்.

தரைக்கு மேல் 11 கி.மீ. உயரத்தில் பாராசூட் விரியும். 21.5 மீட்டர் விட்டம். ஒலியைவிட வேகமாகப் போகும்போதே விரிய வேண்டும், அதுவும் கிழியாமல். இருபது நொடியில் வெப்பக் கவசம் கழன்று விழும். அப்போதுதான் கலத்துக்கு முதன்முதலாகக் கண் திறக்கிறது. அதுவரை அது தரையைப் பார்த்ததே கிடையாது. எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் உள்ளிருக்கும் கருவிகள் போட்ட மனக்கணக்கு. இப்போது ரேடார் உயரத்தை அளக்கிறது, கேமரா படமெடுக்கிறது, கணினி அந்தப் படத்தைத் தன்னிடம் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு "இது இந்த இடம், பாறையில்லாத திட்டு அந்தப் பக்கம்" என்று கண்டுபிடிக்கிறது. பெர்சிவரன்ஸுக்கு முன்னால் எந்தச் செவ்வாய்க் கலத்துக்கும் இந்த வசதி இருந்ததில்லை.

சுமார் 2 கி.மீ. உயரத்தில், மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது, பாராசூட்டை மேல்மூடியோடு சேர்த்து உதறிவிட்டு எட்டு எஞ்சின்கள் எரியத் தொடங்கும். முதல் வேலையே பக்கவாட்டில் விலகுவதுதான். இல்லையென்றால் கழற்றிவிட்ட பாராசூட் தலைமேலேயே வந்து மூடும். அப்புறம் 20 மீட்டர் உயரம் வரை வந்து, நடை வேகத்துக்கும் குறைவாக, ஏறக்குறைய மிதந்தபடி நிற்கும்.

அப்புறம் கயிறு கட்டி இறக்கினார்களாமே? அது எதற்கு?

ஆமாம். எஞ்சின்கள் இருக்கும் மேல்பகுதி அந்தரத்தில் இருக்க, ரோவர் மட்டும் 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள நைலான் கயிறுகளில் கீழே இறங்கும். வான் கிரேன் என்று இதைச் சொல்கிறார்கள். 2012 ஆகஸ்ட் 6 அன்று கியூரியாசிட்டி ரோவர் இறங்கியபோது இதை முதன்முதலில் செய்தார்கள். அதற்கு முன்பு இந்தப் படத்தைக் காட்டியபோது பலரும் இது கிறுக்குத்தனம் என்றே நினைத்தார்கள்.

காரணம் எளிது. கால்களுள்ள மேடைமேல் ரோவரை வைத்து இறக்கினால், எஞ்சின் தரைக்கு மிக அருகில் வந்து மண்ணைக் கிளறிப் பள்ளம் பறிக்கும். மேடை ஒரு பாறைமேல் சாய்ந்து நின்றால் ரோவர் இறங்கவே வழியிருக்காது. தொங்கவிட்டு இறக்கினால் எஞ்சின் உயரத்திலேயே இருந்துவிடும், ரோவர் நேராகத் தன் சக்கரத்திலேயே நிற்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. தரை தொட்டது எப்படித் தெரியும்? கிணற்றில் வாளி விட்டவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வாளி அடியைத் தொட்டதும் கையில் பாரம் குறையும். கண்ணால் பார்க்க வேண்டாம், கை சொல்லிவிடும். வான் கிரேனும் அதைத்தான் செய்கிறது. ரோவரின் எடையைத் தரை தாங்கத் தொடங்கியதும், அந்தரத்தில் நிற்க எஞ்சின்களுக்குத் தேவைப்படும் விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அந்தக் குறைவு ஒரு கணம் வந்து போகாமல் நிலைத்து இருந்தால்தான் "தரை வந்துவிட்டது" என்று கணினி முடிவெடுக்கும். உடனே சிறு வெடிகள் கயிற்றை அறுக்கும், மேல்பகுதி சில நூறு மீட்டர் பறந்துபோய்த் தானாக விழுந்து நொறுங்கும்.

ஒரு கணம் வந்து போகாமல் என்று சொன்னேனே, அதன் அருமை இரண்டு கேள்விகள் தாண்டித் தெரியும்.

இதற்கு முந்தைய ரோவர்கள் பந்து போலத் துள்ளினவே?

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர், 2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி. மூன்றும் காற்றுப்பைகளைச் சுற்றிக்கொண்டு விழுந்து துள்ளி உருண்டவை. பாத்ஃபைண்டர் குறைந்தது 15 முறை துள்ளியது. ஆப்பர்ச்சுனிட்டி உருண்டுபோய்ச் சுமார் 22 மீட்டர் அகலமுள்ள ஒரு சின்னப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்து நின்றது. கோல்ஃப் ஆடுபவர்கள் ஒரே அடியில் குழியில் போடுவதோடு அதை ஒப்பிட்டார்கள்.

இந்த முறையில் தரையைத் துல்லியமாக அறிய வேண்டிய கட்டாயம் குறைவு. ஆனால் எடை ஏற ஏறக் காற்றுப்பையும் கனக்கும். 180 கிலோ ரோவருக்குச் சரிப்பட்டது, 900 கிலோ கியூரியாசிட்டிக்குச் சரிப்படவில்லை.

மார்ஸ் போலார் லேண்டருக்கு என்ன ஆயிற்று?

1999 டிசம்பர் 3. தென் துருவத்துக்கு அருகில் இறங்க வேண்டிய நாசாவின் கலம், காற்று மண்டலத்துக்குள் போன பிறகு பேசவே இல்லை. இறங்கும்போது தகவல் அனுப்பும் ஏற்பாடும் அதில் இல்லை. விசாரணைக் குழு கடைசியில், பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஒரு காரணத்தைச் சொன்னது.

கலத்துக்கு மூன்று கால்கள். தரையைத் தொட்டதும் காலில் உள்ள உணரி அதிர்வை உணர்ந்து சொல்லும், எஞ்சின் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கால்கள் மடங்கிய நிலையிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் விரியும்போதே ஓர் உதறல் ஏற்படும். உணரிக்கு அதுவும் அதிர்வுதான், இதுவும் அதிர்வுதான். "தொட்டாயிற்று" என்று அது சொன்னதைக் கணினி நினைவில் குறித்துவைத்துக்கொண்டது. 40 மீட்டர் உயரத்துக்கு வந்ததும், இனி தரையைக் கவனிக்கலாம் என்று நினைவைப் புரட்டிப் பார்த்தால், ஏற்கெனவே தொட்டுவிட்டதாக எழுதியிருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டது. மீதி 40 மீட்டரை அது விழுந்தே கடந்திருக்கும், மோதும்போது வேகம் மணிக்கு 80 கி.மீ. அளவில் இருந்திருக்கும்.

பழைய குறிப்பை அழித்துவிட்டுப் பார் என்று நிரலில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். பதினொரு மாதமாக அண்டவெளியைக் கடந்து வந்த கலம்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

இந்தத் தோல்வியால் கிடப்பில் போடப்பட்ட இன்னொரு லேண்டரைத் தூசிதட்டி, குறைகளைத் தேடித் தேடித் திருத்தி, ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர். அது 2008 மே 25 அன்று கால்களில் ஒழுங்காக இறங்கி, மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி இருப்பதைத் தோண்டிக் காட்டியது.

ஐரோப்பாவின் ஷியாபரெல்லி?

இதுவும் தரையைப் பற்றிய தவறான நம்பிக்கைதான், இன்னும் விசித்திரமானது. 2016 அக்டோபர் 19. பாராசூட் விரிந்ததும் கலம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஊசலாடியது. சுழற்சியை அளக்கும் கருவி தன் அளவின் உச்சத்தைத் தொட்டு சுமார் ஒரு நொடி அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒரு நொடி அளவை அப்படியே நம்பிக் கணக்குப் போட்ட கணினிக்கு, கலம் தலைகீழாகக் கவிழ்ந்திருப்பதாகப் பட்டது. ரேடார் சொன்ன தூரத்தை இந்தத் தப்பான சாய்வோடு சேர்த்துக் கணக்கிட்டால் உயரம் கழித்தல் குறியில் வந்தது. அதாவது, "நாம் தரைக்குக் கீழே இருக்கிறோம்."

தரைக்குக் கீழே போயாயிற்று என்றால் பாராசூட் எதற்கு? கழற்றிவிட்டது. எஞ்சின்களை மூன்றே நொடி எரித்து நிறுத்தியது. இறங்கியபின் செய்ய வேண்டிய வேலைகளைத் தொடங்கியது. அப்போது அது 3.7 கி.மீ. உயரத்தில் இருந்தது. மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் வேகத்தில் தரையில் மோதியது. இறங்கும்போதே தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததால்தான் இத்தனை விவரம் தெரிந்தது. போலார் லேண்டர் மௌனமாகப் போனதற்கு இது எவ்வளவோ மேல்.

அடி, மீட்டர் குழப்பத்தில் நொறுங்கியது எது?

அது மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர். அது இறங்கப் போன கலமே இல்லை, சுற்றிவரப் போனது. விசையின் அளவை ஒரு தரப்பு பவுண்டிலும் மறு தரப்பு நியூட்டனிலும் எடுத்துக்கொண்டதால் செவ்வாய்க்கு மிக நெருக்கமாகப் போய் அழிந்தது. போலார் லேண்டருக்குச் சுமார் இரண்டரை மாதம் முன்னால் நடந்ததால் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

செவ்வாயில் முதலில் இறங்கியது அமெரிக்காவா, சோவியத்தா?

மோதியதையும் சேர்த்தால் சோவியத். 1971 நவம்பர் 27 அன்று மார்ஸ் 2 நொறுங்கி விழுந்தது. செவ்வாயின் தரையைத் தொட்ட முதல் மனிதப் படைப்பு அதுதான். மெதுவாக இறங்கியதிலும் சோவியத்தே முதல். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மார்ஸ் 3 முழுசாக இறங்கியது. ஆனால் அதன் ஒலிபரப்பு சுமார் 20 நொடியில் நின்றுபோனது. வந்த படத்தில் எதுவும் அடையாளம் தெரியவில்லை. அப்போது கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. அதே சமயம் அங்கே சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்காவின் மாரினர் 9 புயல் அடங்கும்வரை காத்திருந்து படமெடுத்தது. சோவியத் கலங்களோ முன்பே எழுதிவைத்த நேரப்படி நடப்பவை, காத்திருக்கச் சொல்ல வழியில்லை.

இறங்கி நின்று ஒழுங்காக வேலை செய்த முதல் கலம் வைக்கிங் 1, 1976 ஜூலை 20. அதற்குப் பிறகு நாசா இன்னும் எட்டு முறை வென்றிருக்கிறது. சீனாவின் ஜூராங் 2021 மே மாதம் முதல் முயற்சியிலேயே இறங்கியது. மொத்தம் பத்து. தோற்றவற்றைச் செவ்வாய் தோஷம் என்று கேலி செய்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த "தோஷம்" பெரும்பாலும் பூமியிலேயே, யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு வரி நிரலாகப் பிறந்திருக்கிறது.

வெள்ளியில் இறங்குவது இதைவிட எளிதாமே?

இறங்குவது எளிது. இருப்பதுதான் முடியாது. வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைவிட சுமார் 90 மடங்கு. வெப்பம் 460 டிகிரி, ஈயம் உருகி ஓடும். ஆனால் அவ்வளவு அடர்த்தியான காற்றில் எதைப் போட்டாலும் குளத்தில் போட்ட தட்டு போலத்தான் இறங்கும். 1975-இலிருந்து போன சோவியத்தின் வெனெரா லேண்டர்கள் பாராசூட்டை சுமார் 50 கி.மீ. உயரத்திலேயே கழற்றிவிட்டன. பாராசூட்டோடு வந்தால் இறங்கி முடிப்பதற்குள் வெந்துவிடும், சீக்கிரம் போய்ச் சேருவதே மேல். மேலே வட்டமான ஒரு உலோகத் தட்டு, அடியில் நசுங்கக்கூடிய ஒரு வளையம், அவ்வளவுதான். எஞ்சினே இல்லாமல் நொடிக்கு 7, 8 மீட்டர் வேகத்தில் போய் உட்கார்ந்தன.

வெனெரா 7-இன் கதை தனி. 1970 டிசம்பர் 15 அன்று அதன் பாராசூட் பழுதாகி, வேண்டியதைவிட வேகமாக விழுந்தது. சமிக்ஞை நின்றுவிட்டது, முடிந்தது என்று நினைத்தார்கள். பிறகு பதிவு நாடாக்களை உட்கார்ந்து ஆராய்ந்தபோது, இரைச்சலுக்கு நடுவே மிக மெல்லிய குரலில் அது இன்னும் 23 நிமிடம் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அனேகமாகப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததால் ஆன்டெனா வேறு திசையைப் பார்த்திருக்கும். இன்னொரு கோளின் தரையிலிருந்து மனிதருக்கு வந்த முதல் செய்தி அது. செய்தியும் ஒரே ஒரு விவரம்தான்: வெப்பநிலை. சுமார் 475 டிகிரி.

அதிக நேரம் தாங்கியது 1982-இல் இறங்கிய வெனெரா 13. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்தது, 127 நிமிடம் தாங்கி வண்ணப் படங்களும் அனுப்பியது. நாலு நாள் கழித்துப் போன அதன் ஜோடி வெனெரா 14-க்கு ஒரு சோகம். கேமராவின் மூடி கழன்று விழுந்தது, சரி. மண்ணின் உறுதியைச் சோதிக்க ஒரு கரம் கீழே இறங்கியது, அதுவும் சரி. கரம் போய் அழுத்திப் பார்த்தது மண்ணை அல்ல, அந்த மூடியை.

எங்கே இறங்குவது என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

இரண்டு தரப்புக்கும் இழுபறிதான். ஆராய்ச்சியாளர்களுக்குப் பாறையும் பள்ளமும் பழைய ஆற்றுப் படுகையும் வேண்டும். இறக்கும் பொறியாளர்களுக்கு மைதானம் வேண்டும். கூடவே தாழ்வான இடமாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் மேலே கொஞ்சம் கூடுதலாகக் காற்று கிடைக்கும்.

வைக்கிங் 1 அமெரிக்காவின் 200-ஆவது சுதந்திர தினமான 1976 ஜூலை 4 அன்று இறங்குவதாக இருந்தது. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தில் குறித்த இடம் கரடுமுரடாகத் தெரிந்ததால் விழாவை விட்டுவிட்டு வேறு இடம் தேடினார்கள். அப்படித் தேடிய இடத்திலும் கலத்திலிருந்து சில மீட்டர் தள்ளி, 2 மீட்டர் அளவில் ஒரு பாறை கிடந்தது. அந்தக் காலப் படங்களில் அந்த அளவுப் பாறை தெரியாது. இப்போது சுற்றிவரும் கேமராக்கள் மேசை அளவுப் பொருளைக்கூடக் காட்டிவிடும். அந்தப் படங்களால் செய்த வரைபடத்தோடு பெர்சிவரன்ஸ் போனதால்தான் ஜெசெரோ பள்ளத்தில், பழைய ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே, துணிந்து இறக்க முடிந்தது.

இதையெல்லாம் பூமியில் ஒத்திகை பார்த்துவிடலாமே?

முழுசாகப் பார்க்க முடியாது. இங்கே ஈர்ப்பு அதிகம், காற்றும் அதிகம். துண்டு துண்டாகத்தான் சோதிக்க முடியும். பெர்சிவரன்ஸின் பாராசூட்டை 2017, 2018-இல் ராக்கெட்டில் ஏற்றி, காற்று மெலிந்த உயரத்தில் ஒலியைவிட வேகமாகப் போகும்போது விரித்துப் பார்த்தார்கள். 81 கிலோ துணி அரை நொடிக்குள் விரிந்து முப்பது டன் இழுவையைத் தாங்கியது.

இந்த ஒத்திகை விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. நிலவில் லேண்டரை இறக்கும் சோதனைக்கும் ரோவரை ஓட்டும் சோதனைக்கும் நிலவு மண் மாதிரியே மண் வேண்டியிருந்தது. நிலவின் மேட்டு நிலங்களில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கிறது. அதை வெட்டியெடுத்து, பொடியாக்கி, பெங்களூரில் கொண்டுபோய்க் கொட்டித்தான் சந்திரயானுக்கான சோதனைக் களத்தை இஸ்ரோ அமைத்தது.

இந்தியா செவ்வாயில் இறங்கியிருக்கிறதா?

இல்லை. 2014 செப்டம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்த மங்கள்யான் சுற்றிவந்த கலம், இறங்கியது அல்ல. நாம் இறங்கியது நிலவில், 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-இல்.

அதற்கு முன் 2019-இல் சந்திரயான்-2-இன் விக்ரம் ஏன் விழுந்தது என்று இஸ்ரோ பிறகு சொன்ன விளக்கம் இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமானது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கலம் வேகமாகத் திரும்பித் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு வேகமாகத் திரும்ப நிரலில் அனுமதியில்லை. இறங்க வேண்டிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்த முறை அதை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று அகலமாக்கினார்கள், கால்களை வலுவாக்கினார்கள், எது எது தவறலாம் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் வழி வைத்தார்கள்.

காணாமல் போன கலம் பிறகு கிடைத்ததுண்டா?

உண்டு. பிரிட்டனின் பீகிள் 2, 2003 கிறிஸ்துமஸ் அன்று இறங்க வேண்டியது. சத்தமே இல்லை. நொறுங்கியிருக்கும் என்று பதினொரு வருடம் நினைத்திருந்தார்கள். 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றும் அமெரிக்கக் கலத்தின் படங்களில் அது தெரிந்தது. நொறுங்கவில்லை. ஒழுங்காக இறங்கி, சூரியத் தகடுகளை விரிக்கத் தொடங்கி, எல்லாம் விரிந்து முடியாமல் நின்றிருந்தது. ஆன்டெனா அந்தத் தகடுகளுக்கு அடியில் இருந்ததால் பேச முடியவில்லை. அதற்காகவே உழைத்த காலின் பில்லிங்கர் முந்தைய ஆண்டு மே மாதம் இறந்துவிட்டார். தன் கலம் பத்திரமாகத்தான் இறங்கியது என்று தெரியாமலே போனார்.

இறங்கும் அன்று கட்டுப்பாட்டு அறையில் கடலை சாப்பிடுவார்களாமே, உண்மையா?

உண்மை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் 1964-இலிருந்து நடக்கும் வழக்கம். நிலவுக்கு அனுப்பிய ரேஞ்சர் கலங்கள் ஆறு தொடர்ந்து தோற்றன. ஏழாவது போகும்போது ஒருவர் படபடப்பைக் குறைக்கக் கடலையைச் சுற்றுக்கு விட்டார், அது வெற்றி. அன்றிலிருந்து யாருக்கும் அதை நிறுத்தத் தைரியம் வரவில்லை. தேங்காய் உடைக்கும் நாம் சிரிக்க ஒன்றுமில்லை.

மனிதர்களையும் இதே முறையில் இறக்கிவிடலாமா?

முடியாது. வான் கிரேனின் சாதனை ஒரு டன். மனிதர் இறங்க வேண்டுமென்றால் குறைந்தது இருபது டன்னாவது இறக்க வேண்டும். அதற்கேற்ற பாராசூட்டே கிடையாது, வேறு முறை வேண்டும்.

இறங்கியதும் முதல் வேலை என்ன?

உயிரோடு இருப்பதாகத் தகவல் சொல்வது, பிறகு ஒரு படம். 1976-இல் வைக்கிங் 1 தரையைத் தொட்ட 25-ஆவது நொடியில் படமெடுக்கத் தொடங்கியது. அந்தக் காலக் கேமரா படத்தைக் கோடு கோடாகத்தான் எடுக்கும், முடிய நிமிடங்கள் ஆகும். செவ்வாயின் தரையிலிருந்து எடுக்கப்பட்ட முதல் தெளிவான படம். மலையை எடுக்கவில்லை, வானத்தை எடுக்கவில்லை. கேமராவைக் குனியவைத்துத் தன் காலையே எடுத்தது. அடுத்த நிமிடமே கலம் செத்துப்போனாலும், அது எப்படிப்பட்ட தரையில், எவ்வளவு புதைந்து நிற்கிறது என்பதாவது தெரியட்டும் என்று பொறியாளர்கள் அப்படி எழுதிவைத்திருந்தார்கள். படத்தில் சின்னச் சின்னக் கற்கள், ஓரத்தில் தட்டு போன்ற பாதம். இறங்கும்போது தெறித்த மண் ஒரு சிட்டிகை அந்தத் தட்டின் நடுவில் கிடந்தது.